எஞ்சின் சூடேறும் கார்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

கார் சூடாகிறது என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எப்போது சூடாகிறது என்பதுதான். சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடும் வெப்பமானி முள்ளுக்கும், நகருக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறும் முள்ளுக்கும் காரணங்கள் வெவ்வேறு. இந்தக் கேள்வியைக் கேட்காமலே ரேடியேட்டரைக் கழற்றியவர்களும் வாட்டர் பம்பை மாற்றியவர்களும் ஏராளம். அவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது ஃபேனுக்கு மின்சாரம் விடும் ஒரு ரிலேயோ, சில நூறு ரூபாய் பெறும் ரேடியேட்டர் மூடியோ மட்டுமே. அதனால் இங்கே பாகங்களின் வரிசையில் அல்லாமல் அறிகுறிகளின் வரிசையில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனை முதலிலும், பணத்தை விழுங்கும் வேலை கடைசியிலும் வருகின்றன.

நம் ஊரில் ஓடும் ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, இண்டிகா போன்ற, ரேடியேட்டரின் பின்னால் மின்சார ஃபேன் உள்ள கார்களுக்கு இது பொருந்தும். பெல்ட்டால் சுற்றும் ஃபேன் உள்ள அம்பாசடர் போன்ற பழைய வண்டி வைத்திருப்பவர்கள், ஃபேன் மின்சுற்றைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டு பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்த்தால் போதும்.

கை வைக்கும் முன்

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பது அது தாங்கிப் பிடித்திருக்கும் அழுத்தத்தின் அளவு. 0.9 மூடியின் அடியில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அந்த அழுத்தம் போய்விடுவதால், உள்ளே இருப்பது அப்படியே ஆவியாகி முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிந்து, அழுத்தினால் தளர்வாகவும் இருந்தால்தான் மூடியில் கை வைக்கலாம். சில கார்களில் ரேடியேட்டரின் மேல் மூடி இருக்காது, பக்கத்தில் இருக்கும் வெள்ளை டேங்கின் மூடிதான் அழுத்தம் தாங்கும் மூடி. அதற்கும் இதே விதிதான்.

சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றத் தொடங்கும். எனவே ஃபேன் இறக்கைகளின் அருகே கை போகும் வேலை எதுவானாலும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். எஞ்சினின் சூட்டை ரேடியேட்டருக்கு எடுத்துச் செல்லும் திரவமான கூலன்ட்டை வடித்தால், அதைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்கவும் கூடாது. அது இனிப்பாக இருப்பதால் தெரு நாயும் பூனையும் குடித்துவிடும், குடித்தால் சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும்.

கருவிகளாக ஒரு டெஸ்ட் லாம்ப் அல்லது மல்டிமீட்டர், டார்ச், ஸ்க்ரூடிரைவர், குறடு, ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் ஆகியவை போதும். இப்போது வரும் பல சிறிய கார்களில் வெப்பத்தைக் காட்டும் முள் இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டுமே இருக்கின்றன. சிவப்பு விளக்கு எரியும்போது காலம் கடந்திருக்கும் என்பதால், காரின் பழுதறியும் இணைப்பான ஓபிடி சாக்கெட்டில் செருகி கைப்பேசியில் கூலன்ட் வெப்பநிலையைக் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி வைப்பது நல்ல முதலீடு. பெரும்பாலான எஞ்சின்களில் 85 முதல் 100 டிகிரி வரை வழக்கமானது. 110ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் வண்டியை ஓரம் கட்ட வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் சிவப்பை நோக்கிப் போனால்

ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் அதன் ஃபேனை முழு வேகத்திலும் வைத்து எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிடுங்கள். கத்திரி வெயிலில் இது தண்டனையாகத்தான் இருக்கும். ஆனால் ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் இன்னொரு சிறிய ரேடியேட்டர் என்பதால், எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே தள்ளும். முள் இறங்கினால் மெதுவாக அருகிலுள்ள நிழலுக்குப் போகலாம். முள் சிவப்பைத் தொட்டுவிட்டாலோ, போனட்டின் இடுக்கில் ஆவி வந்தாலோ, அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் சிலிண்டர்களின் மேல் மூடியாக இருக்கும் அலுமினிய ஹெட் வளைகிறது.

அணைத்த பின் குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் காய்ந்த எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம். ஆறிய பிறகு, வேறு வழியில்லை என்றால் குடிதண்ணீரை ஊற்றி வீடு வந்து சேரலாம். ஆனால் அந்த வாரத்திலேயே அதை வடித்துவிட்டு முறையான கூலன்ட் நிரப்பியாக வேண்டும்.

அறிகுறி 1: நெரிசலில் நிற்கும்போது ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்து குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். எனவே இந்த அறிகுறியில் சந்தேகம் ஏறக்குறைய முழுவதும் ஃபேன் மீதே விழுகிறது. எஞ்சினைக் கிளப்பி, ஏசியைப் போட்டு, போனட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் ஏசி போட்டால் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். ரேடியேட்டருக்கும், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சருக்கும் தனித்தனி ஃபேன் உள்ள வண்டியானால், சுற்றுவது எந்த ஃபேன் என்று கவனிக்க வேண்டும். இங்கிருந்து வழி மூன்றாகப் பிரிகிறது.

*ஏசி போட்டாலும் சுற்றவில்லை, சூடேறினாலும் சுற்றவில்லை*

முதலில் ஃபியூஸ். போனட்டின் கீழுள்ள ஃபியூஸ் பெட்டியின் மூடியிலேயே எது ரேடியேட்டர் ஃபேனுக்கு உரியது என்ற படம் இருக்கும். போன ஃபியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் உள்ளதைப் போட வேண்டும். அதுவும் உடனே போய்விட்டால், மோட்டார் இறுகிப்போய் அதிக மின்சாரம் இழுக்கிறது அல்லது வயர் எங்கோ உராய்ந்து பாடியைத் தொடுகிறது என்று பொருள். அதற்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கும் வழக்கம் சில ஒர்க்‌ஷாப்புகளில் இன்னும் இருக்கிறது. அது ஃபேனைச் சுற்ற வைக்காது, வயரிங்கைத்தான் எரிக்கும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் அடுத்தது ரிலே. அதே பெட்டியில் ஹாரனுக்கோ வேறு எதற்கோ அதே எண்ணுள்ள ரிலே ஒன்று இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஃபேன் சுற்றி ஹாரன் ஊமையானால் புது ரிலே ஒன்றோடு வேலை முடிந்தது.

ரிலேயும் நன்றாக இருந்தால் மோட்டாரின் கனெக்டரைப் பிரித்து, பேட்டரியிலிருந்து நடுவே ஃபியூஸ் வைத்த இரண்டு வயர்களால் மோட்டாருக்கு நேரடி மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சுற்றவில்லை என்றால், மோட்டாரின் பின்புறத்தை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். தட்டினால் சுற்றும் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. தட்டித் தட்டி இன்னும் சில நாள் ஓட்டலாம் என்று தோன்றும். ஆனால் அது நின்றுபோகும் இடம் நிச்சயம் நெரிசலாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதற்கு வேலை இருப்பதே அங்கேதான். நேரடி மின்சாரத்தில் சுற்றும் மோட்டார் வண்டியின் இணைப்பில் சுற்றவில்லை என்றால், பிழை வயரிலோ, பாடியோடு சேரும் எர்த் இணைப்பிலோ இருக்கிறது. எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்குவது நம் வேலை, அதற்கு மேல் வயரிங்கைப் பிரிப்பது ஆட்டோ எலக்ட்ரீஷியனின் வேலை.

*ஏசி போட்டால் சுற்றுகிறது, சூடேறினால் சுற்றவில்லை*

மோட்டாரும் ஃபியூஸும் நன்றாக இருக்கின்றன, எஞ்சின் சூடாக இருக்கிறது என்ற செய்திதான் போய்ச் சேரவில்லை. பழைய கார்களில் ரேடியேட்டரிலோ, கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டின் மூடி அருகிலோ ஒரு வெப்ப சுவிட்ச் திருகப்பட்டிருக்கும். அது இரண்டு வயர் சுவிட்சாக இருந்தால், கனெக்டரைப் பிரித்து, சாவியை ஆன் நிலையில் வைத்து, கனெக்டரின் இரண்டு முனைகளையும் சிறு வயரால் இணையுங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச் போய்விட்டது. புதிய கார்களில் சுவிட்சுக்குப் பதிலாக சென்சார் இருக்கும், அதன் முனைகளை இப்படி இணைக்கக் கூடாது. சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கிளப்பினால், பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினின் கணினியான இசியு பாதுகாப்புக்காக ஃபேனைத் தானே சுற்றவிடும். அப்படிச் சுற்றினால் சந்தேகம் சென்சாரின் மீது. அப்போது செக் எஞ்சின் விளக்கு எரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. இணைத்த பின் தானே அணையும், இல்லையென்றால் ஓபிடி கருவியால் அழிக்கலாம்.

நகருக்குள் மட்டும் ஓட்டுபவர்கள், சென்சார் வாங்கும் வரை ஏசியைப் போட்டுக்கொண்டே ஓட்டி சமாளிப்பதுண்டு. இந்தக் கிளையில் மட்டும் அது செல்லுபடியாகும் உபாயம்.

*ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் ஏறுகிறது*

ஒரு தாளை கிரில்லின் முன் பிடியுங்கள். ஃபேன் அதை உள்ளே இழுத்து ஒட்டவைக்க வேண்டும். தள்ளிவிட்டால், மோட்டார் மாற்றியபோது பிளஸ், மைனஸ் மாறிவிட்டது, ஃபேன் பின்னோக்கிச் சுற்றுகிறது. இழுக்கிறது, ஆனால் பலமாக இல்லை என்றால், இரண்டு வேகம் உள்ள ஃபேனில் ஒரு வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்திருக்கலாம், ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருக்கலாம், அல்லது காற்றுப் போகும் வழி அடைத்திருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தை அடுத்த அறிகுறியின் கீழ் விரிவாகப் பார்க்கலாம்.

அறிகுறி 2: நகருக்குள் சரியாக இருக்கிறது, நெடுஞ்சாலையிலோ மலையிலோ ஏறுகிறது

எண்பது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் எஞ்சின் உண்டாக்கும் சூடு பல மடங்கு ஆகிவிடுகிறது. அந்தச் சூட்டை ரேடியேட்டரால் வெளியேற்ற முடியவில்லை, அல்லது ரேடியேட்டருக்குப் போதிய கூலன்ட் போய்ச் சேரவில்லை.

எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் ரேடியேட்டரின் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். விரிந்து வெளியேறும் கூலன்ட் போய்த் தங்கும் பக்கத்து டப்பாவில் கோடு வரை இருப்பதைப் பார்த்துத் திருப்தியடைவது போதாது. டப்பா நிறைந்திருக்க ரேடியேட்டர் பாதி காலியாக இருப்பது அடிக்கடி நடப்பது, அதை அறிகுறி 4இல் சொல்கிறேன்.

அளவு சரியென்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு, ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள இரண்டு விரல் இடைவெளியைப் பாருங்கள். வேப்பஞ்சருகு, பஞ்சு, பூச்சி, பாலித்தீன் துண்டு, சிமென்ட் சாலையின் தூசி எல்லாம் அங்கே ஒன்றாகப் படிந்து மெத்தைபோல் ஆகியிருக்கும். முன்புறம் பார்க்கப் பளிச்சென்று இருக்கும் என்பதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். தோட்டத்து ஹோஸின் மெல்லிய தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் வாஷ் கடையின் அழுத்தமான பீச்சலை அருகில் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்து, அழுக்கு செய்த அடைப்பை நிரந்தர அடைப்பாக ஆக்கிவிடும்.

அலங்காரத்துக்காகச் செய்த மாற்றங்களையும் இங்கேதான் கணக்கில் எடுக்க வேண்டும். கிரில்லின் முன் பெரிய விளக்குகள், நெருக்கமான கம்பிவலை, கட்சிக் கொடிக்கான பலகை ஆகிய எல்லாம் காற்றை மறிக்கின்றன. முன்பக்க இரும்பு பம்பரைப் பாதசாரிகளின் பாதுகாப்பு கருதி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடைசெய்தது. அதை இன்னும் வைத்திருப்பவர்களுக்குக் கழற்ற இன்னொரு காரணமும் கிடைத்தாயிற்று. அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டு, ஆயில் மாற்றிய எவரோ திரும்ப மாட்டாமல் விட்டிருந்தால், காற்று ரேடியேட்டருக்குள் புகாமல் கீழே நழுவிவிடும் என்பதையும் பாருங்கள்.

அடுத்தது கீழ் ஹோஸ். நியூட்ரலில் உதவிக்கு ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி அந்த ஹோஸைக் கவனியுங்கள். வேகம் கூடும்போது அது உறிஞ்சப்பட்டுச் சப்பையானால் கூலன்ட் ஓட்டம் தடைபடுகிறது. ஹோஸ் நைந்திருக்கலாம், ரேடியேட்டருக்குள் அடைப்பு இருக்கலாம், மூடியின் உறிஞ்சு வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். முதலில் மூடியை மாற்றிப் பாருங்கள், அதுதான் மலிவு.

இவை எதுவும் இல்லையென்றால் மிஞ்சுவது ரேடியேட்டரின் உட்புற அடைப்பு. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரைப் பல ஆண்டுகளாக ஊற்றிய வண்டிகளில் இது ஏறக்குறைய உறுதி. மூடியைத் திறந்து பார்த்தால் குழாய்களின் வாயில் வெள்ளை அல்லது காவி நிறத்தில் படிவு தெரியும். சூடான ரேடியேட்டரின் முகத்தில் இன்ஃப்ராரெட் வெப்பமானியை ஓட்டினால், மற்ற இடங்களைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருக்கும் பட்டைகள் அடைபட்ட குழாய்களைக் காட்டிக்கொடுக்கும். லேசான படிவுக்கு ஃப்ளஷ் திரவம் ஊற்றிக் கழுவலாம். கனத்த படிவு அதற்கு அசையாது. பழைய பித்தளை ரேடியேட்டரானால் ரேடியேட்டர் கடைக்காரர் மேல் தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுப்பார். பிளாஸ்டிக் தொட்டி பொருத்திய அலுமினிய ரேடியேட்டரைப் புதிதாக மாற்றுவதே நல்லது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதியது கிடைக்கும். புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கும், ஆனால் ரேடியேட்டரைப் பொறுத்தவரை பழையதை நான் பரிந்துரைக்க மாட்டேன், உள்ளே என்ன தண்ணீர் ஓடியது என்பது அதை விற்பவருக்கே தெரியாது.

மலையில் மட்டும் ஏறுகிறது என்பவர்கள் ஓட்டும் முறையையும் பார்க்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நான்கு பேருடனும் ஏசியுடனும், எஞ்சின் திணறத் திணற உயர் கியரில் ஏறினால், பழுதில்லாத சிறிய காரிலும் முள் சற்று உயரத்தான் செய்யும். கீழ் கியருக்கு மாற்றி எஞ்சினைச் சற்று வேகமாகச் சுற்றவிட்டால் வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றி முள்ளை இறக்கிவிடும். அப்படியும் இறங்காவிட்டால் மேலே சொன்ன சோதனைகளுக்குத் திரும்ப வேண்டும். கூடவே, ஓடி நின்றதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, எஞ்சின் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

அறிகுறி 3: கிளப்பிய சில நிமிடங்களிலேயே ஏறுகிறது

*அண்மையில் கூலன்ட் மாற்றியிருந்தால்*

குழாய்களில் காற்று சிக்கியிருக்கிறது. டேஷ்போர்டின் பின்னால் தண்ணீர் சலசலக்கும் ஓசையும், ஹீட்டரைப் போட்டால் ஒரு சமயம் சூடும் ஒரு சமயம் குளிருமாக வருவதும் இதை உறுதிப்படுத்தும். எஞ்சின் ஆறியிருக்கும்போது வண்டியின் முன்பக்கம் மேடான இடத்தில் இருக்குமாறு நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினைக் கிளப்புங்கள். மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அவ்வப்போது கையால் பிசைந்துவிட்டால் குமிழிகள் வெளியேறும், அளவு குறையக் குறைய ஊற்றிக்கொண்டே வர வேண்டும். திடீரென்று பொங்கக்கூடும் என்பதால் முகத்தைத் தள்ளியே வைத்திருங்கள். குமிழிகள் நின்றதும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை ஓடவிட்டு, முழுதும் ஆறிய பின் மறுபடி அளவைப் பாருங்கள். காற்றை வெளியேற்றத் தனித் திருகு உள்ள எஞ்சின்களில் வண்டியின் கையேடு சொல்லும் முறையே சரி. எத்தனை முறை செய்தாலும் குமிழி நிற்கவில்லை என்றால் அது சிக்கிய காற்று அல்ல, கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

*கூலன்ட்டில் கையே வைக்கவில்லை என்றால்*

தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். முள் ஏறிவிட்ட பிறகும் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது பெரும்பாலான சிறிய எஞ்சின்களில் இரண்டு, மூன்று போல்ட் வேலைதான். கழற்றியதை நூலில் கட்டி, சமையலுக்கு இனிப் பயன்படுத்தாத பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். அதன் மேல் 82 அல்லது 88 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையின் அருகே திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்கும் முன் நன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் அதே வெப்பநிலை உள்ள புதியதையும், புதிய கேஸ்கட் அல்லது ரப்பர் வளையத்தையும் மாட்டுங்கள். அதிலுள்ள சிறு துளையும் அதில் ஆடும் ஊசியும் மேற்புறமாக இருக்க வேண்டும், காற்று வெளியேறும் வழி அதுதான்.

நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை, கழற்றிவிடலாம் என்று சொல்லும் மெக்கானிக்குகள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்கக் கூடாது. அது இல்லாத எஞ்சின் நெடுஞ்சாலையில் வேண்டிய சூட்டுக்கே வராமல், இன்னும் குளிர்ந்திருப்பதாக நினைத்துக் கூடுதல் பெட்ரோலைக் குடிக்கும். வேறு சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பகுதிதான், சூடான பிறகு பைபாஸ் வழியை அடைப்பது. அதைக் கழற்றினால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி, சூட்டை இன்னும் ஏற்றும். பழைய கார் வாங்கியவர்கள், முள் பாதிக்குக்கூட வராமல் நெடுஞ்சாலையில் அடியிலேயே கிடந்தால், முந்தைய உரிமையாளர் இந்த வைத்தியத்தைச் செய்திருக்கிறாரா என்று பார்ப்பது நல்லது.

தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் பார்க்க வேண்டும். பெல்ட் கீச்சிட்டாலோ பளபளவென்று தேய்ந்திருந்தாலோ மாற்றுவது எளிது. பம்பை அசைத்துப் பார்த்து ஆட்டம் இருந்தாலும், அதன் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து கூலன்ட் வடிந்த தடம் இருந்தாலும் பம்பை மாற்றியாக வேண்டும். டைமிங் பெல்ட்டால் சுற்றும் பம்பாக இருந்தால் அதை வீட்டில் தொடாதீர்கள். டைமிங் ஒரு பல் தவறினாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் எஞ்சின்கள் உண்டு.

அறிகுறி 4: கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது

*தரையில் ஈரம் இருக்கிறது*

இரவில் வண்டியின் அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலேயும் சற்று முன்னேயும் தேட வேண்டும். ஏசி ஓடிய பின் சொட்டும் நிறமற்ற, மணமற்ற தண்ணீர் பழுதல்ல. கூலன்ட்டுக்கு நிறமும் பிசுபிசுப்பும் இனிப்பு மணமும் உண்டு. காய்ந்த கசிவு வெள்ளை அல்லது பச்சைத் தடமாகப் படிந்திருக்கும். ஹோஸ்களின் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, தெர்மோஸ்டாட் மூடி, பம்பின் துளை, எஞ்சினின் பின்புறம் ஹீட்டருக்குப் போகும் இரும்புக் குழாய் என்ற வரிசையில் பாருங்கள். கிளாம்ப் தளர்ந்திருந்தால் இறுக்கலாம். விரலால் அழுத்தினால் மொறுமொறுவென்று வெடிக்கும் ஹோஸை மாற்ற வேண்டும். எஞ்சின் பிளாக்கில் அடித்திருக்கும் வட்டத் தகடு, அதாவது டம்மி பிளக், துருப்பிடித்துக் கசிந்தால் அது மெக்கானிக்கின் வேலை.

லாரிக்காரர்களிடையே மஞ்சள்தூளை ரேடியேட்டரில் கொட்டிக் கசிவை அடைக்கும் வைத்தியம் உண்டு. கடையில் விற்கும் அடைப்புத் தூளும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. நடுவழியில் வீடு வந்து சேர மட்டும் அது உதவலாம். கசிவை அடைக்கும் பொருள் ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும்.

*டப்பா நிறைந்து வழிகிறது, ரேடியேட்டர் காலியாக இருக்கிறது*

மூடியை மாற்றுங்கள். சூடேறும்போது விரிந்த கூலன்ட் மூடியைத் தூக்கிக்கொண்டு டப்பாவுக்குப் போகிறது, ஆறும்போது மூடியின் நடுவிலுள்ள சிறு வால்வு வழியாகத் திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். ரப்பர் காய்ந்த மூடி வெளியே விடும், திரும்ப எடுக்காது. புதிய மூடியில் அதே அழுத்த எண் இருக்க வேண்டும். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் இன்னும் நல்லது என்பது தவறு, பழைய ஹோஸும் தொட்டி விளிம்பும் முதலில் பிளக்கும். டப்பாவுக்குப் போகும் மெல்லிய குழாய் விரிந்தோ கழன்றோ இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

*தரையில் ஈரமில்லை, டப்பாவிலும் இல்லை*

முன் இருக்கையில் அமர்பவரின் கால் விரிப்பைத் தொட்டுப் பாருங்கள். அது பிசுபிசுத்து, காருக்குள் இனிப்பு மணமடித்து, கண்ணாடியில் எண்ணெய்ப் பசையுள்ள மூட்டம் படர்ந்தால் ஹீட்டருக்குள் ஓட்டை. டேஷ்போர்டைக் கழற்றும் வேலை என்பதால், ஹீட்டரே தேவைப்படாத நம் ஊரில் பலர் அதற்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறார்கள். ஊட்டியின் மூட்டத்தில் முன்கண்ணாடியைத் துலக்க வழியிருக்காது என்பதைத் தவிர அதில் பெரிய குறையில்லை. விரிப்பும் உலர்ந்திருந்தால், கூலன்ட் எஞ்சினுக்குள் எரிந்துபோகிறது, கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

இழப்பை நிறுத்திய பின் எதை ஊற்றுவது என்ற கேள்வி வரும். கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றுங்கள், நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி எதுவும் இல்லை, ஒரே பச்சையில் இரண்டு வேறு வகைகள் விற்கப்படுகின்றன. கலந்து விற்பது என்றால் அப்படியே ஊற்றலாம், அடர் கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டருடன் சரிபாதி கலக்க வேண்டும். தண்ணீரே கலக்காத அடர் கூலன்ட் சூட்டைக் கடத்துவதில் கலவையைவிட மோசமானது.

அறிகுறி 5: முள் துள்ளுகிறது

சாவி போட்டவுடனே உச்சிக்குத் தாவினாலோ, ஹெட்லைட் போடும்போது மட்டும் ஏறினாலோ சூடு இல்லை. வயரிலோ எர்த்திலோ சென்சாரிலோதான் பிழை. ஓபிடி கருவியின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு நேர்மாறானதுதான் ஆபத்து. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று அடிக்கு விழுந்தால், எஞ்சின் குளிர்ந்துவிட்டது என்று மகிழக் கூடாது. கூலன்ட் முழுதும் போய், சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது. உடனே நிறுத்துங்கள்.

அறிகுறி 6: கூலன்ட் மறைகிறது, குமிழி நிற்கவில்லை, வெண்புகை வருகிறது

இது ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் போனதன் அறிகுறி, அல்லது ஹெட்டே வளைந்ததன் அறிகுறி. ஆனால் மெக்கானிக்கின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன், வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. இரவு முழுதும் ஆறிய எஞ்சினைக் காலையில் கிளப்பி ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். இன்னும் சூடே ஏறாதபோது அது கல்லாக இறுகியிருந்தால், சிலிண்டரின் வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கையும் ஆயில் மூடியின் உட்புறத்தையும் பாருங்கள். டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால் எஞ்சினைக் கிளப்பவே கூடாது. மூடியில் மட்டும் சிறிது வெண்ணுரை இருப்பது, தினமும் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரமாகவும் இருக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒப்பிடுங்கள். மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவியதுபோல் இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள்தான் கூலன்ட் போகிறது. உறுதிசெய்ய, ரேடியேட்டரின் வாயில் வைத்து உறிஞ்சும் நீலத் திரவச் சோதனைக் கருவி இணையக் கடைகளில் கிடைக்கிறது. எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும்.

மஞ்சளானால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஹெட்டை இறக்கும் வேலைக்கு டார்க் ரெஞ்ச், இறுக்கும் வரிசை, டைமிங் பற்றிய அறிவு ஆகியவை வேண்டும் என்பதால், இதை வீட்டு வாசலில் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வேலையை ஒப்படைக்கும்போது நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். இறக்கிய ஹெட்டின் மேல் நேர்க்கோல் வைத்து வளைவு இருக்கிறதா என்று உங்கள் கண்முன் காட்ட வேண்டும். வளைந்திருந்தால் லேத்தில் ஃபேசிங் செய்யவும், விரிசல் சோதிக்கவும் வேண்டும். ஒருமுறை மட்டுமே பயன்படும் வகை போல்ட்டுகளானால் புதியவை போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலில் சூடேறியதற்குக் காரணமான ஃபேனோ மூடியோ அடைப்போ எது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பின்னரே வண்டியை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய கேஸ்கட்டும் அடுத்த கோடையைத் தாண்டாது.